வீரராகவன் கழுவிய கடற்கல்

எந்தக் கல் வந்தாலும் வீரராகவன் முதலில் கழுவுவார். கொல்கத்தாவில் ஒரு நிலவியல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷமாகக் கல்லை அறுத்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டுவது அவர் வேலை. "ராகவன்-தா அறுத்தால் துளி அழுக்கு இருக்காது" என்று பேராசிரியர்கள் வங்காள வழக்கப்படி அண்ணன் முறை வைத்துச் சொல்வதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

2003 ஜூலையில் மஹிமாவின் கல் வந்தது. தமிழர்கள் நிறைய வசிக்கும் லேக் மார்க்கெட்டில் அவருக்கு அடுத்த தெருப் பெண், ஆராய்ச்சி மாணவி. இந்தியப் பெருங்கடலில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், வெந்நீர் ஊற்றருகே ஆய்வுக் கப்பல் எடுத்த கல் அது; உறையைப் பிரித்து அவளே இன்னும் பார்த்திருக்கவில்லை. ஒரு துண்டு அறுத்துத் தரச் சொல்லியிருந்தாள். ஆரஞ்சு நிறத்தில் ஏதோ கொழகொழவென்று படிந்திருந்ததைப் பிரஷ்ஷால் தேய்த்து முழுக்கல்லையும் கழுவினார். ஒரு துண்டு அறுத்துக்கொண்டு, மிச்சத்தை ஃப்ரிட்ஜில் திரும்ப வைத்தார்.

மறுநாள் டீக்கடையில் அவள் சொன்னாள்: "அந்தக் கல்லுல இருக்கற கிருமிங்க வெயிலையே பார்த்ததில்ல மாமா. ஊத்துல வர இரும்புதான் அதுங்களுக்குச் சாப்பாடு. அதுங்க விடற துரு படிஞ்சு படிஞ்சு கல்லாவே ஆயிடும்."

"அந்தத் துரு என்ன நிறம்?"

"ஆரஞ்சு."

அவர் அவளுக்கு இன்னொரு டீ சொன்னார். அப்போதே சொல்லியிருக்கலாம்.

மூன்று வாரம் அவள் கல்லைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாள். ஒன்றும் வளரவில்லை. அவர் தினமும் டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு மத்தியானம் கம்ப்யூட்டரில் அவள் ஆய்வறிக்கைக்காக அடித்திருந்த வரி அவர் கண்ணில் பட்டது: 'இந்த ஊற்றில் உயிர் இல்லை.'

"அதை எழுதாதேம்மா. இருந்தது. நான்தான் கழுவிட்டேன்."

"எதை?"

"முழுக்கல்லையும். அறுக்கறதுக்கு முன்னாடி. பிரஷ் போட்டு."

"அரே பாபா! மூணு வாரம் மாமா! தினம் டீ வாங்கிக் கொடுத்தது இதுக்குத்தானா?"

ஆமாம் என்று அவர் தலையசைத்தார்.

"இன்னொரு கப்பல் எப்பப் போகும்னு எனக்கே தெரியாது" என்றாள், திரையைப் பார்த்தபடி. வரியை அழித்தாள். 'கல் கழுவப்பட்டது. உயிர் இருந்ததா என்று சொல்ல இயலாது' என்று அடித்தாள்.

"யார் கழுவினதுன்னு இல்லையே."

"எதுக்கு மாமா? விடுங்க."

"அறுத்தவர்னு எப்பவும் என் பேரைப் போடறீங்க இல்ல? பக்கத்துலயே கழுவினவர்னும் போடு."

அவள் அதையும் அடித்தாள். பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை.