ஞானம்மா இறங்கிய லிஃப்ட்

கண்ணப்பன் லிஃப்ட் பொத்தானை விரல் நுனியால் அழுத்துவதில்லை. நடுவிரலை மடக்கி முட்டியால் ஒரு தட்டு. உடனே அந்தக் கையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொள்வார். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டியபோது இரண்டு விரல்களின் நுனி போயிருந்தது. அதன்பிறகு கிடைத்ததுதான் ஒரகடம் சாலையோரக் கோபுரத்தில் சர்வீஸ் லிஃப்ட் வேலை. கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், உச்சியில் வீடுகள். குப்பை வண்டி, தண்ணீர் கேன், வீட்டு வேலை செய்பவர்கள் எல்லாம் அவர் லிஃப்டில்தான்.

இருபத்தோராம் மாடி ஞானம்மா மட்டும் குடியிருப்பவர்கள் போகும் கண்ணாடி லிஃப்டை விட்டுவிட்டு இதில் வருவார். தூத்துக்குடிக்காரர். மகனும் மருமகள் மெர்சியும் வேலைக்குப் போய்விட்டால் பேச ஆளில்லை.

“கீழ மழையா தம்பி? மேல ஒரு சத்தமும் கேக்கல.”

“மேகமே உங்க வூட்டுக்குக் கீழதான கீது. எப்படிக் கேக்கும்?”

ஒருநாள் சிரித்து முடித்துவிட்டு அவர் கேட்டார்: “நான் செத்தா இதுலதான் இறக்குவாவளோ? இந்தக் குப்பை நாத்தத்துல?”

கண்ணப்பனுக்குப் பொய் வரவில்லை. சடலம் சர்வீஸ் லிஃப்டில்தான் இறங்க வேண்டும் என்பது அங்கே விதி. ஞானம்மாவின் முகம் விழுந்ததைப் பார்த்ததும், “நான் கீறன்ல. கண்ணாடி லிஃப்ட்லயே ராணி மாரி இட்டாறேன்” என்றார்.

ஐப்பசியில் ஞானம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். கண்ணாடி லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. கண்ணப்பனின் சனம் இறந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துத்தான் வாசலில் வைக்கும். அவரும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து, உட்கார வைத்து, போர்வையால் சேர்த்துக் கட்டினார்.

“அண்ணே, அத்தை வந்து...” என்று தொடங்கிய மெர்சியை அழுகை முடிக்கவிடவில்லை. ஆம்புலன்ஸ்காரரோடு போனில் இருந்த மகன் தலையை மட்டும் ஆட்டினான்.

பதினாறாம் மாடியில் கண்ணாடி லிஃப்டின் கதவு திறந்தது. காபிக் கோப்பையோடு நின்ற பெண் “குட் மார்னிங் ஆன்ட்டி” என்றாள். பிறகுதான் பார்த்தாள். கண்ணப்பன் சரிந்த தலையைத் தன் வயிற்றோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மேனேஜர் டில்லிபாபு கூப்பிட்டார். “கொயந்தைங்க போற லிஃப்ட்யா. இன்னா நெஞ்சழுத்தம் உனக்கு?”

“அந்தம்மா ஆசைப்பட்டுக்கினாங்க சார்.”

“வந்து உன் கனவுல சொல்லிச்சா?”

அன்றோடு வேலை போயிற்று. அந்த விரல்களைப் பார்த்தவர்கள் யாரும் வேலை தரவில்லை. பார்க்காத ஒரு பட்டறையில் மறுபடி பிரஸ் மெஷின் முன்னால் போய் நின்றார்.

மெர்சி அன்று சொல்ல வந்தது அவருக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சாவதற்கு முந்தின வாரம் ஞானம்மா அவளிடம் சொல்லியிருக்கிறார்: “என்னைய சர்வீஸ் லிஃப்ட்லயே கொண்டுபோங்க. அதுல அந்தத் தம்பி நிப்பாரு. மத்ததுல எனக்கு யாரைத் தெரியும்?”