தங்கமாரியின் மூடிகள்

டீ வந்ததும் தங்கமாரி குடிக்க மாட்டாள், முதலில் மூடுவாள். கண்ணாடித் தட்டோ, நோட்டோ, டிபன்பாக்ஸ் மூடியோ, கைக்கு அகப்பட்டது டம்ளர் தலையில் ஏறிவிடும். "காத்துல கரிசல் பறக்குதுல்லா" என்பாள். மழை பெய்து ஓய்ந்த நாளிலும் இதே பல்லவிதான். பக்கத்தில் வேறு யாருடைய டம்ளர் திறந்திருந்தாலும், அதற்கும் ஒரு மூடி போட்ட பிறகுதான் அவளுக்குப் பேச்சு வரும்.

வயது முப்பத்தெட்டு, ஊர் இடைசெவல். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்கிறாள். அதற்கு முன் ஆறு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில், குச்சி மருந்து கலக்கும் அறையில் எடை போட்டவள். மருந்தில் ஒரு மணல்துகள் விழுந்தாலும் உரசிப் பற்றிக்கொள்ளும் என்பதால் அங்கே எல்லாவற்றுக்கும் மூடி உண்டு. மருந்தில் சேர்கிற துத்தநாக ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியோடு உறவு தொடங்கியதும் அங்கேதான். "எங்க வீட்டுக்காரவியளவிட எனக்கு அதைத்தான் கூடத் தெரியும்" என்பாள்.

அந்த வெள்ளைப் பொடி வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புறஊதாவை மட்டும் உறிஞ்சும். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் உறிஞ்ச வைத்துவிட்டால், சாயக் கழிவுநீரை வெறும் வெயிலிலேயே சீக்கிரமாக வெளுத்துவிடலாம். இதுதான் அவள் ஆராய்ச்சி. இரும்பு, மாங்கனீசு, கோபால்ட் என்று சிட்டிகை சிட்டிகையாகக் கலந்து, ஆய்வகத்தில் உலை இல்லாததால் வெளியூருக்கு அனுப்பிச் சுட்டு வாங்கினாள். பொடி பழுப்பானது, பச்சையானது. சாயம் மட்டும் அப்படியே நின்றது.

ஏழாவது வருஷம் சொந்த உலை வந்தது. சோதித்துப் பார்க்க, எதுவும் கலக்காத பொடியைத் தன் கையால் சுட்டாள். வெள்ளையாக வர வேண்டியது பாசிப்பருப்பு நிறத்தில் வந்தது. நீலச் சாயத் தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால், ஒரே மணி நேரத்தில் நீலத்தைக் காணோம்.

வழிகாட்டி சாம்ராஜ் சார் லேசில் நம்புகிறவர் இல்லை. "வேற ஒருத்தர் கையால மூணு தரம் வரட்டும். அப்பதான் ஆய்வேட்டுல கையெழுத்து." பதிவுக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது, கையெழுத்து இல்லையென்றால் ஏழு வருஷமும் வீண். தங்கமாரியை வெளியே நிறுத்திவிட்டு, இளைய ஆராய்ச்சி மாணவி ஆஸ்லினிடம் அவளுடைய செய்முறை நோட்டைக் கொடுத்தார். ஆஸ்லின் எழுதியிருந்தபடி வரி பிசகாமல் நான்கு தரம் சுட்டாள். நான்கு தரமும் சுத்த வெள்ளை.

ஐந்தாம் நாள் மனசு கேளாமல் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆஸ்லின் பீங்கான் கிண்ணத்தை உலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மூடாமலா வைக்கே?"

"நோட்டுல மூடச் சொல்லலியேக்கா."

உள்ளே உட்கார்ந்திருந்த சாம்ராஜ் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, இதை ஏன் எழுதல?"

"மூடி வைக்கதையெல்லாமா சார் எழுதுவாவ?"

ஆஸ்லினே மூடிச் சுட்டாள். மூன்று தரமும் மஞ்சள். மூடிய கிண்ணத்தில் காற்றுப் போதாமல், பொடிக்குள் ஆக்ஸிஜன் இருக்க வேண்டிய இடங்கள் சில காலியாகிவிட்டன. அந்தக் குறைதான் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் பிடித்துக்கொண்டது. தங்கமாரி சிரித்தாள். "ஒண்ணைச் சேத்தாலும் நெறம் மாறுது, இருக்கதுல ஒண்ணு கொறஞ்சாலும் மாறுது. நான் ஏழு வருசமாச் சேத்துக்கிட்டேல்லா கெடந்துருக்கேன்." சார் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர், கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். உச்சி வெயிலில், கல்லூரி முற்றத்தில் மேஜை போட்டு இரண்டு குவளை நீலத் தண்ணீர் வைத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் வடிகட்டினாள். வெள்ளைப் பொடி போட்டது இன்னும் நீலம். மஞ்சள் பொடி போட்டது ஊற்றுத் தண்ணீராகத் தெளிந்திருந்தது. பேராசிரியர் தூக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "வாழ்த்துகள், டாக்டர் தங்கமாரி" என்றார்.

முற்றமே கை தட்டியது. அவளுக்கு உச்சிமுதல் உள்ளங்கால்வரை சந்தோஷம். ஆனால் கண் மேஜையை விட்டு நகரவில்லை. பேராசிரியரின் டீ திறந்தபடி இருந்தது, காற்றும் கிளம்பிவிட்டது. கைக்கு அகப்பட்டது கெட்டி அட்டை போட்ட அவளுடைய ஆய்வேடுதான். ஏழு வருஷ உழைப்பை இரண்டு கையாலும் எடுத்து, டம்ளர் மேல் மெல்லக் கவிழ்த்து வைத்தாள்.