குக்கர் போலச் சீறிய அரக்கன்

வீடியோ கேமில் எத்தனையோ வில்லன்களை வீழ்த்தியிருக்கிறேன். மறக்க முடியாதவன் அந்த இரும்பு அரக்கன்தான். ஒரு மாதமாக அவன் கோடரியில் செத்துச் செத்துப் பிழைத்தேன். எப்போது ஓங்குவான் என்றே பிடிபடவில்லை.

திருநின்றவூரில், மாடியில் ஒற்றை அறை வாடகை வீடு எங்களுடையது. கணவருக்கு நைட் ஷிப்ட். பகலில் அவர் தூங்குவார் என்பதால் டிவி சத்தத்தை அடியோடு நிறுத்திவிட்டுத்தான் ஆடுவேன்.

அன்று மாலை அவர் எழுந்து, வாயில் பிரஷ்ஷோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னாடி, ஊமைப்படம் ஓட்டிகினு கீறே? சத்தம் வை. நான்தான் எழுந்துட்டேனே."

வைத்தேன். அரக்கன் கோடரியை ஓங்குவதற்கு முன் 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல் கேட்டது. விசில் வருவதற்கு முன் குக்கர் சீறுமே, அச்சு அசல் அதே சத்தம்! அடப்பாவி, ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் அடித்திருக்கிறான். நான்தான் அவன் வாயைக் கட்டி வைத்திருந்தேன்.

அப்புறம் அவன் சீறும்போதெல்லாம் விலகினேன். கோடரி தரையில் இறங்கியதும் வெட்டினேன். "தாவு, தாவு!" என்று பற்பசை தெறிக்க அவரும் கத்தினார். கடைசி வெட்டில் அரக்கன் சரிந்தான். நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு அக்கா ஓடிவந்தார்.

"இன்னாம்மா, இந்தியா ஜெயிச்சிருச்சா?"

"இல்லக்கா, நான் ஜெயிச்சிட்டேன்!"

கணவர் தூக்கத்தைக் கலைக்காமல் இருப்பதுதான் அன்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதும் சத்தமில்லாமல்தான் ஆடுகிறேன். ஆனால் பெரிய வில்லன் வந்தால் உடனே எழுப்பிவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு.