ஹபீபா அக்கா தளத்துக்கு வைத்த பெயர்

மென்பொருள் தருகிற பெயர்கள் உம்மு ஹபீபா அக்காவுக்குப் பிடிக்காது. கணினியில் ஒரு கட்டடத்தை எழுப்பும்போது, தூணுக்கும் தளத்துக்கும் அது தானாகவே எழுத்தும் எண்ணும் சேர்த்து ஏதாவது ஒரு பெயரை ஒட்டிவிடும். நானெல்லாம் அப்படியே விட்டுவிடுவேன். அக்கா அதை அழித்துவிட்டு வேறு பெயர் தட்டுவார். பெரியபட்டினத்துக் கல்யாண மண்டபத்தின் மேல்தளத்துக்கு அவர் வைத்த பெயர் 'பந்தல்'. கேட்டால், "பேரு தெரியாத ஆளு மேல எப்படிப்பா பாரத்த ஏத்துறது?" என்பார்.

ராமநாதபுரத்தில் எங்கள் அலுவலகம் சின்னது. கட்டடங்களுக்குத் தூண், கம்பிக் கணக்குப் போட்டுத் தருகிறோம். நான் கமுதிப் பக்கத்து மிளகாய்க் காட்டிலிருந்து வந்து, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். அக்கா கீழக்கரை. அவர் தெருவில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சாரம் ஏறிய முதல் பெண் அவர்தான்.

சென்ற வருடம் தன் சொந்த வீட்டுக்கே கணக்குப் போட்டார். எங்கள் ஊரில் வீடு ஆண்பிள்ளைகளுக்கு. அண்ணன் தம்பி நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொள்வார்கள். கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அங்கே வரவழைக்கிறார்கள். அக்காவின் வாப்பா காதர் மைதீன் துபாயில் உழைத்துத் திரும்பியவர். அக்கா 'லாத்தா' என்று கூப்பிடுகிற மூத்த மகள் குல்சுமுக்கும் ஹபீபா அக்காவுக்கும் சேர்த்து ஐந்து மாடி வீடு ஒன்று கட்ட நினைத்தார். தெருப்பக்கப் பாதி மூத்தவருக்கு, கடல்பக்கப் பாதி இளையவருக்கு. நடுவில் திறந்த முற்றம். மாடிக்கு மாடி இரண்டு பாதியையும் சேர்க்கிற குறுகலான வழிநடை.

"ரெண்டு வீடுன்னு ஒருத்தன் சொல்லக்கூடாது. ஒரே வீடு." வாப்பா கேட்டது அவ்வளவுதான்.

அக்காவும் ஒவ்வொரு மாடியிலும் தளம் முழுவதற்கும் 'வீடு' என்றே பெயர் கொடுத்தார்.

அந்த மென்பொருளில் தளத்தின் பெயர் வெறும் பெயரில்லை. கடற்காற்று மோதுவது சுவரில்தான் என்றாலும், அந்தத் தள்ளுதலை வாங்கித் தூண்களுக்குப் பிரித்துக் கொடுப்பது தளம். ஒரு மாடியில் ஒரே பெயர் கொண்ட பகுதியை எல்லாம் அது ஒரே கெட்டிப் பலகையாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பலகை வளையாது, பிரியாது. அந்த மாடியின் மொத்தக் காற்றையும் அதன் மேல் ஒரே இடத்தில் வைத்துவிடும்.

கணக்கு சுத்தமாக வந்தது. கீழக்கரையில் அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடும் போட்டாயிற்று. கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்த அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"பிரபா, இங்கன வா. இந்த வழிநடையப் பாரு."

காற்று அடிக்கும்போது வழிநடைத் தளத்தில் எவ்வளவு இழுப்பு என்று காட்டுகிற இடத்தில் எல்லாமே பூஜ்யம்.

"நல்லதுதானேக்கா?"

"புயலுக்கு நடுவுல ஒரு வேலையும் பாக்காம நிக்குதாம். எங்க மச்சான்கூட இப்படிச் சும்மா இருக்க மாட்டாரு."

பெயரை அழித்தார். கடல்பக்கத் தளங்களுக்கு 'ஹபீபா', தெருப்பக்கத் தளங்களுக்கு 'குல்சும்'. வழிநடைக்குப் பெயர் தரவில்லை. பெயரில்லாத தளத்தைத்தான் மென்பொருள் வளையவும் இழுபடவும் விடும். காற்றையும் அவரவர் அகலத்துக்குப் பிரித்து வைத்து ஓடவிட்டார்.

திரையில் கட்டடம் அசைந்தது. குல்சும் பாதியில் லிஃப்டைச் சுற்றிக் கான்கிரீட் சுவர், அது நின்றது. ஹபீபா பாதியில் வெறும் தூண்களும், கடலைப் பார்க்க அக்காவே ஆசையாக வரைந்த பெரிய சன்னல்களும், அது ஆடியது. நடுவில் வழிநடை முழுக்கச் சிவப்பு.

அக்கா அந்தச் சிவப்பைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "லாத்தா மேல சாஞ்சுக்கிட்டுத்தான் நின்னுருக்கேன். பேரு ஒண்ணா இருந்ததுல தெரியல" என்றார்.

வழிநடையை அகலமாக்கித் தடிப்பாக்கினால் முற்றம் அடைத்துப்போகும். இல்லாவிட்டால் வழிநடையில் நாலு விரல் இடைவெளி விட்டு இரண்டு பாதியையும் பிரிக்க வேண்டும். கடல்பக்கத்துக்குத் தனியாகச் சுவர் கொடுக்க வேண்டும். அதுதான் சரி என்று தெரிந்துவிட்டது. ஆனால் வாப்பா கேட்டிருந்த ஒன்றே ஒன்றைத்தான் அது உடைக்கிறது.

வரைபடச் சுருளோடு கீழக்கரைக்கு நானும் கூடப் போனேன். அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார் வாப்பா. குல்சும் லாத்தா தேத்தண்ணி வைத்தார். அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"பிரிக்கணும்னு கம்ப்யூட்டர் சொல்லுதா, நீ சொல்றியா?"

"நாந்தான் வாப்பா சொல்றேன். கம்ப்யூட்டர் மொதல்ல ஒரே வீடுன்னுதான் சொல்லுச்சு. நான் அப்படிப் பேரு வச்சிருந்தேன்."

"கம்பியக் கூடப் போட்டு இறுக்கிக் கட்டு."

"ஒண்ணு ஆடுது, ஒண்ணு ஆட மாட்டேங்குது. அந்த ஒடுக்கத்துல இறுக்குனா அங்கனதான் கிழியும்."

குல்சும் லாத்தா சிரித்தார். "விடுங்க வாப்பா. சின்னதுலேருந்து எம்மேலதான் சாஞ்சுக்கிட்டுத் திரியுறா. இனியாச்சும் தனியா நிக்கட்டும்."

"அடிப்பாவி," என்றார் அக்கா.

வாப்பா சிரிக்கவில்லை. வரைபடத்தில் அந்த நாலு விரல் இடைவெளி மேல் நகத்தை வைத்து, மெதுவாக ஓட்டினார். ஊர் என்ன சொல்லும் என்று ஆரம்பிக்கப் போகிறார் என நினைத்தேன்.

"பெருநாளைக்கு இந்தப் பக்கம் சமைச்சு அந்தப் பக்கம் சஹன் தூக்கிட்டுப் போவாங்க," என்றார். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டு அது. சோறும் கறியும் நிறைத்தால் கனம். "தூக்குற ஆளுக்குக் காலு கீழ தெரியாது. தடுக்குமா?"

"தடுக்காது வாப்பா. மேல தகடு போட்டு மூடிருவோம். ஒரு பக்கத்த மட்டும் முடுக்கிட்டா, மறுபக்கம் வழுக்கிக் குடுக்கும். மேல நடக்குறவங்களுக்குத் தெரியாது."

அவர் இன்னொரு முறை நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"அப்ப வெட்டிக்கம்மா."

அக்கா என்னிடம் பென்சில் வாங்கினார். இடைவெளிக் கோட்டுக்குப் போகவில்லை. கடல்பக்கம் போய், முதலில் தன்னுடைய பெரிய சன்னலை அடித்துவிட்டு, அந்த இடத்தில் சுவர் என்று எழுதினார்.