மாடிப்படிக்குக் கீழே நான் தோண்டிய பள்ளம்

வீட்டுக்குள் லிப்ட் வைக்க வேண்டுமானால் முதலில் கிணறு மாதிரி ஒரு குழி தோண்ட வேண்டும், பிறகு கூரையைப் பிய்த்துக்கொண்டு மேலே ஒரு கூண்டு கட்ட வேண்டும் என்று நான் நம்பியிருந்தேன். ஐம்பது தாண்டிய ஆளுக்கு இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். தேயிலைத் தொழிற்சாலையிலிருந்துதான். கொளுந்து மூட்டைகளை, இலை வாட்டும் மாடிக்கு ஏற்றுவதற்கு அங்கே பழைய தூக்கி ஒன்று இருந்தது. உச்சியில் பெரிய சக்கரம், நடுவில் இரும்புக் கயிறு, அடியில் இருட்டுக் குழி. அப்பா அங்கே வேலை பார்த்தார். அவருக்குச் சோறு கொண்டுபோகும்போது அந்தக் குழியை எட்டிப் பார்த்து முதுகில் வாங்கியிருக்கிறேன். இன்று அதே தோட்டத்தில் கொளுந்து லோரி ஓட்டுகிறேன். மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் பெரிய கடைகளில் லிப்டில் ஏறாமல் இல்லை. ஆனால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று யார் குனிந்து பார்த்தார்கள்?

லிப்ட் வேண்டியிருந்தது அப்பாவுக்கு. மலைமேல் இருக்கும் ரிங்லெட் என்ற ஊரில் எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. ரோட்டிலிருந்து நுழைந்தால் மேல்தளம். கூடமும் எங்கள் படுக்கையறையும் அங்கே. பதினேழு படி இறங்கினால் கீழ்த்தளம். அடுப்படி, குளியலறை, அப்பாவின் அறை எல்லாம் அங்கே. போன வருடம் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட பிறகு அப்பா சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். டாக்டரிடம் போக வேண்டுமென்றால் நானும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துப் பதினேழு படியும் தூக்குவோம். ஒன்பதாவது படியில் எங்களில் ஒருவர் மூச்சு வாங்க நிற்பார். அது எப்போதும் நான்தான்.

ஈப்போவில் இருக்கும் அக்கா அப்பாவைத் தன்னிடம் அனுப்பச் சொன்னார். அவர் வீட்டில் படியே இல்லை. தீபாவளி வரை பார்ப்பது, அதற்குள் வழி ஏதும் பிறக்காவிட்டால் அப்பா ஈப்போவுக்குப் போய்விடுவது என்று பேசி முடித்தோம். அப்பா எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை என் மனைவியிடம், "அந்த வெயில்ல என்னைக் கொளுந்து மாதிரி வாட்டிருவாங்கம்மா," என்றாராம். பிறந்ததிலிருந்து குளிரிலேயே வாழ்ந்த மனிதர். அதைக் கேட்ட பிறகு எனக்கு மேட்டில் கியர் மாற்றவே கை ஓடவில்லை.

வீட்டு லிப்ட் போடும் கம்பெனி ஒன்றுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை ஓர் ஆள் மலையேறி வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, முடியுமா முடியாதா என்று சொல்வதாகச் சொன்னார்கள். 'முடியாதா' என்ற அந்த வார்த்தை என்னை விடவில்லை. நான் யோசித்தேன். வருகிற ஆள் பார்க்கும்போது குழி தயாராக இருந்தால் எந்த முகத்தோடு முடியாது என்று சொல்ல முடியும்? பாதி வேலை முடிந்துவிட்டதே.

மாடிப்படிக்குக் கீழே செருப்பும் பழைய பேப்பரும் கிடந்த இடத்தைக் காலி செய்தேன். சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுக் கடப்பாரையால் தரையைப் பிளந்தேன். மனைவி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். "சூடம் காட்டிட்டா செய்யிற கிறுக்குத்தனம் சரியாயிருமா?" என்று கேட்டாள். பெண்களுக்குத் தொழில்நுட்பம் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். நல்லவேளை, வாய்விட்டுச் சொல்லவில்லை.

தினமும் லோரியை நிறுத்திவிட்டு வந்து தோண்டினேன். மூன்றாம் நாள் முழங்கால் ஆழம். அன்று பிற்பகலில் நல்ல மழை. கடப்பாரையை ஓங்கி ஒரு போடு போட்டேன். குழியின் ஓரத்திலிருந்து தண்ணீர் பீறிட்டது. ஒரு நிமிடத்தில் கணுக்கால் வரை ஏறிவிட்டது, காப்பி நிறத்தில்.

மலையில் வாழ்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மழைக்காலத்தில் தரைக்குள்ளிருந்து தண்ணீர் வந்தால் மண் நகர்கிறது என்று அர்த்தம். மலையின் கால்மாட்டில் நான் ஓட்டை போட்டுவிட்டேன், இனி மொத்தச் சரிவும் எங்கள் கூரைமேல் வந்து உட்காரப் போகிறது என்று முடிவுகட்டினேன். கத்தின கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் குடையில்லாமல் ஓடி வந்தார். அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினோம். அன்றைக்கு ஒன்பதாவது படியில் யாரும் நிற்கவில்லை. ரோட்டில் நின்ற என் பழைய வேனில் அவரை ஏற்றி, கதவைச் சாத்தி, நிலப் பத்திரத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் நின்றேன். அந்தப் பக்கத்தில் இன்னும் இரண்டு குடும்பங்கள் மூட்டையோடு வெளியே வந்துவிட்டன. ஒருவர் சேவலைக் கையில் பிடித்திருந்தார்.

அப்பா வேனின் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"இதான் நீ சொன்ன லிப்டாடா?"

மனைவியைக் காணோம். அடுப்பை அணைக்க மறுபடி உள்ளே போயிருந்தாள். நான் வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்ட பிறகு நிதானமாக மேலே ஏறி வந்தாள்.

"ஏங்க, மலையில ஊத்து வந்தா நம்ம அடுப்படி பைப்புல தண்ணி ஏன் நிக்கணும்?"

அவள் ரோட்டோரம் மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த வால்வைத் திருகி மூடினாள். கீழே போய்ப் பார்த்தேன். பீறிட்டது நின்றுபோயிருந்தது. தரைக்கடியில் அடுப்படிக்குப் போகும் குழாயைத்தான் கடப்பாரையால் குத்திக் கிழித்திருந்தேன். மலை அப்படியே இருந்தது. அந்தக் கலங்கல் தண்ணீரின் ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தேன். மற்றவர்கள் மூட்டையோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். சேவல்காரர் மட்டும் இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து வந்தவர் ஒரு பெண், முப்பது வயதுக்கு மேல் இருக்கும். நேராகக் குழியருகே வந்து நின்றார்.

"அண்ணே, இது என்னது?"

"லிப்ட் குழி."

குழியைப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே பார்த்தார். "மேல படி போகுதே. லிப்ட் எங்க ஏறும்?"

இருபது வருடமாக அந்தப் படியில் நான் தலையை இடித்துக்கொண்டிருக்கிறேன். லிப்டுக்கும் தலை உண்டு என்று தோன்றவே இல்லை.

"இந்த மாடலுக்குக் குழியே வேணாம்லா. தரையிலயே நிக்கும், சாதா பிளக்தான்," என்றார். அப்புறம் கொஞ்சம் பயத்தோடு, "கூரையையும் பிரிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். அது அடுத்த வாரத் திட்டம் என்று மனைவி போட்டுக்கொடுத்தாள்.

அந்தப் பெண் டேப்பை எடுப்பதற்கு முன் அப்பாவிடம் போனார். நாற்காலியை எப்படித் திருப்புவார், எந்தப் பக்கம் கை வலு, மேலே வந்தால் எங்கே போக ஆசை என்று கேட்டார். "ரோட்டுக்கு," என்றார் அப்பா. அவரை அடுப்படியில் நாற்காலியை ஒரு சுற்றுத் திருப்பச் சொல்லி, சக்கரம் போன தடத்தைச் சாக்கட்டியால் வரைந்தார். லிப்ட் நிற்கும் இடம் சின்னதுதான், அதிலிருந்து இறங்கி ஆள் திரும்பும் இடம்தான் பெரிது என்று எனக்கு விளக்கினார். எல்லாரும் முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவார்களாம். நான் இரண்டையும் அளக்காத ஆள் என்பதை அவர் சொல்லவில்லை, பெருந்தன்மை.

இடம் பிரிட்ஜ் நின்ற மூலையில் கிடைத்தது. அதற்கு நேர் மேலே கூடத்தில் என் சோபா. நடுவில் பீம் இல்லை என்று அடுப்படியின் உட்கூரைப் பலகையைக் கழற்றிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். மேல்தளத்தில் கதவு திறந்தால் நேரே வாசல். அப்பா சாக்கட்டிக் கோட்டுக்குள் நாற்காலியை ஓட்டிப் பார்த்தார். இடிக்கவில்லை. திருப்பினார். அதுவும் இடிக்கவில்லை.

"முடியுமாம்மா?" என்று கேட்டது அப்பா. அந்த வீட்டில் அன்று எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"முடியும் தாத்தா. ஆனா இவர் தோண்டுனதை முதல்ல மூடணும். இல்லாட்டி படி இறங்கிரும்."

குழாயை மாற்றி, குழியைக் கான்கிரீட் போட்டு மூட ஒரு வாரம் ஆயிற்று. மேல்தளத்தில் துளை போட்டு லிப்டை நிறுத்தியது அதைவிடக் குறைந்த நாளில். பிரிட்ஜ் இப்போது படிக்குக் கீழே நிற்கிறது. சோபா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. தீபாவளிக்கு அக்காதான் ஈப்போவிலிருந்து மலையேறி வந்தார். அப்பா லிப்டில் மேலே வந்து வாசலில் அவரை வரவேற்றார். ஈப்போவுக்கு அப்பா போகவில்லை.