அம்மாவின் கோழிப் பகிடி

பிள்ளைகளே, நேற்றுப் பின்னேரம் கச்சான் கடலை கொறித்தபடி கைபேசியில் நான் நடித்த பழைய தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தீர்கள். கோழிப் பகிடி வந்ததும் உருண்டு சிரித்தீர்கள். அம்மா சிரிக்காமல் எழும்பிப் போனார். "அம்மாக்குப் பகிடி விளங்காது" என்றான் சின்னவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கச்சான் மணம் எனக்குத் தன்னாமுனைக் கோயில் திருநாளின் மணம். அப்போது நான் சைக்கிள் கடையில் டியூப்புக்கு ஒட்டுப் போடுகிறவன். திருநாள் வந்தால் மேடையில் தனியே நின்று பகிடி சொல்லுவேன். ஒருமுறை பெரிய ஆள்போல, "நான் கூப்பிட்டா மட்டக்களப்பே ஓடி வரும்!" என்றேன். மணலில் இருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்த உங்கள் அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார்:

"இந்த மனுசன் கூப்பிட்டு வீட்டுக் கோழியே வாறல்ல!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "அக்காட்ட மைக்கக் குடுங்கடா!" என்று யாரோ ஒருவன் கத்தினான். பிறகு எந்த ஊர் மேடையிலும் நான் பாதிதான் சொல்லுவேன், மீதிக்கு இடைவெளி விட்டு நிற்பேன். அம்மா என்ன சொல்லுவார் என்று எனக்கே தெரியாது. கல்லடி ஊர் மேடையில் என் தொப்பையைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.

கொழும்பிலிருந்து வந்த தொலைக்காட்சி நெறியாளரும் அம்மாவின் பேச்சுக்குத்தான் அதிகம் சிரித்தார். ஆனால் கணவன் வேடம் மட்டும் எனக்கு. "அக்காவோட மட்டக்களப்புப் பேச்சு எல்லாருக்கும் வெளங்காது அண்ணே" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "நீங்க போங்க. கோழிய நான் பாக்கிறன்" என்றார்.

முதல்நாள் படப்பிடிப்பில் கோழிப் பகிடி வந்ததும், அம்மாவின் பதிலுக்காகப் பழக்கதோஷத்தில் நின்றுவிட்டேன். "ஏன் நிக்கிறீங்க?" என்று அதட்டினார்கள். பிறகு என் மனைவியாக நடித்த கொழும்பு நடிகை சொன்னார்: "இவர் கூப்பிட்டால் கோழிகூட வராது." அங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பைப் பிறகு ஒட்டினார்கள், நான் டியூப்புக்கு ஒட்டியதுபோல.

அடுத்த திருநாளுக்கு ஊர்மேடை ஏறினேன். அதே வரியைச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்து நின்றேன். அவர் வாயைத் திறந்தார். அதற்குள் சனம் முழுவதும் ஒரே குரலில், அந்த நடிகையின் இழுவையோடு, "இவர் கூப்பிட்டால் கோழிகூட வராது!"

அம்மா கச்சான் இருந்த காகிதச் சரையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எந்த மேடைக்கும் அவர் வரவில்லை. தொடரும் முடிந்தது. அந்த நடிகை இப்போது வேறொரு தொடரில் வேறொருவருக்கு மனைவி. வீட்டில் நான் எதைச் சொன்னாலும் அம்மா "ஓம்" என்று தலையாட்டுகிறார். எனக்கு எதிர்ப்பேச்சுப் பேச ஆளில்லை.

இன்று நீங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அம்மா சந்தைக்கும் போனபிறகு அந்தக் காட்சியைப் போட்டேன். நடிகை வாயைத் திறந்ததும் சத்தத்தை நிறுத்தினேன். "இந்த மனுசன் கூப்பிட்டு வீட்டுக் கோழியே வாறல்ல" என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு, பழைய பழக்கத்தில், இடைவெளி விட்டு நின்றேன்.