பெயர் கேட்டு ஒட்டிய படங்கள்

இந்த ஊர்ப் பேப்பரில் பசு இரட்டைக் கன்று போட்டாலும் படம் போடுகிறார்கள். கிழவனும் கிழவியும் கேக் வெட்டினால் படம், பிள்ளைகள் பனியில் சறுக்கினால் படம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இவர்களின் டெனிஷ் மொழி வாசிக்கத் தெரியாது. பேப்பரில் முகம் வந்தால் அது செத்தவரின் முகம், இல்லாவிட்டால் பிடிபட்டவரின் முகம் என்றுதான் எங்களுக்குப் பழக்கம். வந்த புதிதில் ஒரு கேக் கிழவிக்காக அழுதும் இருக்கிறேன். அடுத்த நாள் அவ கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டு நின்றா.

போன மாசியில் மகள் மலர் என்னை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சுவர் நிறையப் பழைய பேப்பர்ப் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெற்றுத் தாள், நூலில் கட்டிய பென்சில். வயதானவர்கள் கிட்டப் போய் முகம் முகமாக விரல் வைத்துத் தேடினார்கள். ஒரு மனிசி வாயைப் பொத்திக்கொண்டு கண்ணைத் துடைத்தா. எனக்கு விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஆமி முகாம் வாசலில் நாங்களும் இப்படித்தான் படங்களோடு நின்றோம். சுற்றிவளைப்பில் என் மகன் யோகனைக் கொண்டுபோனவர்கள், அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றார்கள். மூன்று மாதம் நின்றேன். பிறகு மலர் அழுது இழுக்க, வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு இந்த நாட்டுக்கு வந்துவிட்டேன். அயலவருக்குப் போட்ட கடிதமும் ஆளில்லை என்று திரும்பியது. அவன் விடுபட்டு வந்தால் பூட்டைத்தான் பார்ப்பான்.

யாரோடும் வாய் திறக்கக் கூசுகிற நான், கைப்பையில் இருந்த அவன் படத்தை எடுத்துச் சுவரில் குத்திவிட்டேன்.

மலர் பதறிப்போனாள். "என்ன வேலையம்மா பாத்தனீங்கள்? இது காணாமல் போன ஆக்கள் இல்லை. முப்பது வருசத்துக்கு முந்தின சுற்றுலாப் படம். பேர் தெரிஞ்சால் எழுதச் சொல்லினம். உந்தக் கிழவன் தேடினது தன்ரை சைக்கிளை!"

"அப்ப ஏன் அந்த மனிசி அழுதவ?"

"சிரிச்சுக் கண்ணீர் வந்திருக்கு."

படத்தைக் கழற்றப்போன மலரை நூலகத்துக் கீர்ஸ்டன் மறித்தா. மலர் தன் அரைகுறை டெனிஷில் யோகனைப் பற்றிச் சொன்னாள். கீர்ஸ்டன் படத்தின் கீழே ஒரு வெற்றுத் தாளை ஒட்டினா.

அடுத்த கிழமை அந்தத் தாளில் யாரோ டெனிஷில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்; மலர் வாசித்துச் சொன்னாள். ஹோர்சன்ஸ் என்கிற ஊரில் இருக்கிறான், தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிறான் என்று, விலாசத்தோடு. எத்தனை பிள்ளைகள் சொல்லாமல் ஓடிவந்து சேர்ந்திருக்கிறார்கள்! படத்தைக் கழற்றிக்கொண்டு அன்றே ரயில் ஏறினோம்.

"அம்மா, அவனாய் இல்லாட்டி?"

"வாயை மூடு."

கதவைத் திறந்தவனுக்கு அதே மீசை, அதே வகிடு. ஒரு கணம் என் கை அவன் கன்னம்வரை போய்விட்டது. மன்னார்ப் பிள்ளையாம். படத்தைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தான்.

"இது நான் இல்லை அம்மா. இந்த நாட்டு ஆக்களுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே முகம். வேலையிலை தமிழர் மூண்டு பேரும் என்ரை பேருக்குத்தான் திரும்பிப் பாக்கிறம்." பிறகு, "உள்ளை வாங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றான்.

நான் உள்ளே போகவில்லை. இவன் உயிரோடு நிற்கிறானே, என் பிள்ளை ஏன் இல்லை என்று அந்தப் பிள்ளையில் எனக்கு எரிச்சல் வந்தது. அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். அப்படி நினைத்ததற்குக் கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

சுவர்ப் படங்களைக் கழற்றிய நாளில் கீர்ஸ்டன் என்னிடம் யோகனின் படத்தை வாங்கிப் பிரதி எடுத்தா. இந்த ஊர்ப் படங்களோடு பெட்டியில் வைக்கலாமாம், யாராவது கேட்டு வந்தால் உதவும். கூட வைக்க ஒரு அட்டை தந்தா. பெயரை எழுதிய மலர், விலாசத்துக்கு வந்ததும் என்னைப் பார்த்தாள்.

"எதை அம்மா எழுத?"

அவள் இங்கத்தைய விலாசத்தை எழுதினாள். நான் பென்சிலை வாங்கி, கீழே எங்கள் யாழ்ப்பாண வீட்டு விலாசத்தைத் தமிழில் எழுத்துக்கூட்டி எழுதினேன். பெட்டியைத் திறக்கிற யாருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. பூட்டின வீட்டுக்கு வருகிறவனுக்கு மேலே இருக்கிற விலாசம் தெரியாது.